அத்தியாயம் 6: பாஸ்பரஸ் – எதைக் குறைப்பது, எதை விட்டுவிடக் கூடாது

பாஸ்பரஸ் என்ற தனிமம் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது மனிதச் சிறுநீரிலிருந்து. 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி தங்கம் தேடிச் சிறுநீரைக் காய்ச்சினார். கிடைத்தது, இருட்டில் ஒளிரும் ஒரு பொருள். சிறுநீரில் பாஸ்பரஸ் எப்படி வந்தது என்பதே இந்த அத்தியாயத்துக்கு அடிப்படை. நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடலுக்குள் சேரும் பாஸ்பரஸில், தேவைக்கு மிஞ்சியதை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகம்தான் செய்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அந்த வழி குறுகிவிடுகிறது.

“பாஸ்பரஸ் கூடியிருக்கிறது” என்று மருத்துவர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் நிற்பது பருப்பும் முட்டையும் மீனும். மாலையில் கொறிக்கும் பாக்கெட் தின்பண்டமும், விசேஷ நாளில் குடிக்கும் கோலாவும், நாளைக்கு நான்கு டம்ளர் காப்பியும் அப்படியே தொடர்கின்றன. இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் நிறுத்த வேண்டியது, தொழிற்சாலையில் உணவோடு கலக்கப்படும் பாஸ்பேட் உப்புகள். அடுத்து பாலின் அளவு. அதற்கடுத்து சமைக்கும் முறை. புரதத்தில் கை வைப்பது கடைசி. அதையும் உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொன்ன பிறகே செய்ய வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் சுமார் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. மீதி பெரும்பாலும் செல்களுக்குள் இருந்து, உடல் ஆற்றலைப் பயன்படுத்த உதவுகிறது. ரத்தத்தில் இருப்பது மிகச் சிறிய பங்கு. அது ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி வரை இருப்பது இயல்பு.

சிறுநீரகம் தளரத் தொடங்கியதும் ரத்தத்தில் பாஸ்பரஸ் உடனே ஏறிவிடுவதில்லை. எலும்பிலிருந்து சுரக்கும் எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனும், எஞ்சியிருக்கும் சிறுநீரகப் பகுதியைக் கூடுதலாக வேலை வாங்குகின்றன. அதனால் பல ஆண்டுகள் ரிப்போர்ட் சரியாகவே இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர் அளவு 30-க்குக் கீழே இறங்கும் கட்டத்தில்தான் பொதுவாக எண் ஏறத் தொடங்குகிறது.

அதுவரை உடல் சமாளித்ததற்கும் ஒரு விலை உண்டு. உடலுக்குப் பயன்படும் வடிவிலான வைட்டமின் டி குறைகிறது. பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கிறது. எலும்பு வலுவிழக்கிறது. எலும்பில் இருக்க வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இதய வால்விலும் படிகின்றன. குழாய் விறைத்துப்போவதால் இதயத்தின் சுமை கூடுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பாஸ்பரஸ் 6.5 மி.கி-க்கு மேல் இருந்தவர்களிடம் இறப்பு அதிகமாகக் காணப்பட்டது.

உடல் அரிப்பு, எலும்பு வலி, மூட்டு வலி, கண் சிவப்பு ஆகியவை பாஸ்பரஸ் கூடியதன் அறிகுறிகளாக இருக்கலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றே நம்பகமான வழி.

ரிப்போர்ட்டைப் பார்ப்பது எப்படி?

பாஸ்பரஸை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்கலைன் பாஸ்படேஸ், அல்புமின் ஆகிய நான்கையும் அருகில் வைத்துப் பாருங்கள். நோயின் மூன்றாம் கட்டத்தில் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும், நான்காம் கட்டத்தில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், ஐந்தாம் கட்டத்திலும் டயாலிசிஸிலும் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறையும் பாஸ்பரஸைப் பார்க்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். அடுத்தடுத்த மூன்று நான்கு ரிப்போர்ட்டுகளில் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே சிகிச்சை முடிவாகிறது.

எண் 2.5-க்குக் கீழே இறங்கினால் மகிழ வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவரின் பாஸ்பரஸ் இறங்கிக்கொண்டே போனால், அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பெரும்பாலும் பொருள். கூடவே அல்புமினும் எடையும் குறைந்திருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

உணவில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்குப் போவதில்லை

உணவு அட்டவணையில் “பாஸ்பரஸ் 300 மி.கி” என்று இருப்பதைப் பார்த்து ஓர் உணவை ஒதுக்கிவிடுவது தவறு. அந்த 300-ல் எவ்வளவு குடலைக் கடந்து ரத்தத்தில் சேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாஸ்பரஸ் வரும் வழிகள் மூன்று.

முதல் வழி, தானியம், பருப்பு, கடலை, விதைகள். இவற்றில் பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் நொதி மனிதக் குடலில் போதுமான அளவு இல்லை. பொதுவாகப் பாதிக்கும் குறைவாகவே உள்ளே போகும்.

இரண்டாவது வழி, இறைச்சி, மீன், முட்டை, பால். இவற்றிலிருந்து சுமார் 40 முதல் 60 விழுக்காடு உள்ளே போகும்.

மூன்றாவது வழி, பாக்கெட் உணவுகளில் பதப்படுத்துவதற்காகவும் பதம் கெடாமல் இருப்பதற்காகவும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள். இவை எதனோடும் பிணைந்திருப்பதில்லை. தண்ணீரில் எளிதாகக் கரைபவை. 90 விழுக்காடு அல்லது அதற்கும் மேலே ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவின் இண்டியானாவில் நடந்து 2011-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. சிறுநீரக நோய் உள்ள ஒன்பது பேருக்கு ஒரு வாரம் தானியம், பருப்பு சார்ந்த சைவ உணவும், இன்னொரு வாரம் இறைச்சி, பால் சார்ந்த உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் புரதமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ சமம். சைவ உணவு சாப்பிட்ட வாரத்தின் முடிவில் ரத்தத்தில் பாஸ்பரஸும் எஃப்.ஜி.எஃப்-23 ஹார்மோனும் குறைவாக இருந்தன.

ஆகவே சாம்பாரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை ஃபைட்டேட்டை ஓரளவு உடைக்கின்றன. அதனால் புளித்த இட்லி மாவிலிருந்தும் முளைகட்டிய பயறிலிருந்தும் பாஸ்பரஸ் சற்றுக் கூடுதலாக உறிஞ்சப்படும். இதற்காக இட்லியை விட வேண்டாம். இட்லியில் அரிசிதான் அதிகம், உளுந்து குறைவு.

முதல் வேலை: பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பது

நம் நாட்டில் பாக்கெட்டின் சத்துப் பட்டியலில் சோடியம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கட்டாயம் இருக்கும். பாஸ்பரஸ் அளவை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே சத்துப் பட்டியலில் தேடிப் பயனில்லை. “சேர்மானங்கள்” என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே “ஐ.என்.எஸ்” என்ற எழுத்துகளோடு சில எண்கள் சிறிய எழுத்தில் இருக்கும். கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள்:

- 338: பாஸ்பாரிக் அமிலம். கறுப்பு நிறக் கோலா பானங்களில் புளிப்புக்காகச் சேர்க்கப்படுவது.
- 339: சோடியம் பாஸ்பேட் வகைகள்.
- 340: பொட்டாசியம் பாஸ்பேட் வகைகள். சிறுநீரக நோயாளிக்கு இதில் இரட்டைச் சுமை.
- 341: கால்சியம் பாஸ்பேட் வகைகள்.
- 450, 451, 452: டைபாஸ்பேட், டிரைபாஸ்பேட், பாலிபாஸ்பேட். பதப்படுத்திய சீஸ், உறைய வைத்த இறைச்சி, இறால், கேக் மாவு போன்றவற்றில் வருபவை.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரை அச்சிட்டிருந்தால், “பாஸ்பேட்” அல்லது “பாஸ்பாரிக்” என்று எங்காவது வருகிறதா என்று பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்த ஏழு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் பிள்ளைகளிடமும் ஒன்று கொடுங்கள்.

பாஸ்பேட் சேர்ந்திருக்க வாய்ப்புள்ளவை: கோலா, பதப்படுத்திய சீஸ் துண்டுகள், சாசேஜ், நக்கெட்ஸ், உறைய வைத்த இறால், உடனடி நூடுல்ஸ், பாக்கெட் கேக், புட்டிங் பொடி, காப்பியில் கலக்கும் க்ரீமர் பொடி, சில ஊட்டச்சத்து பானப் பொடிகள், சில புரோட்டீன் பவுடர்கள். எல்லா நிறுவனங்களும் எல்லாவற்றிலும் சேர்ப்பதில்லை. ஒரே பண்டத்தில் ஒரு பாக்கெட்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அதனால்தான் படித்துப் பார்த்து வாங்கச் சொல்கிறோம்.

வீட்டில் கேக்குக்குப் பயன்படும் பேக்கிங் பவுடர் பலவற்றில் பாஸ்பேட் உண்டு. ஆப்ப சோடாவில் பாஸ்பரஸ் இல்லை; ஆனால் சோடியம் இருக்கிறது. எனவே அதையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்.

இந்த ஒரு பழக்கத்தால் என்ன மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளிடையே ஓர் ஆய்வு நடத்தி 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாஸ்பேட் சேர்த்த பண்டங்களை அடையாளம் கண்டு தவிர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கற்றுக்கொண்டவர்களின் பாஸ்பரஸ் மற்றவர்களைவிட டெசிலிட்டருக்கு 0.6 மி.கி கூடுதலாகக் குறைந்திருந்தது. அவர்களை மீனையோ முட்டையையோ விடச் சொல்லவில்லை; லேபிளைப் படிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலை: பால் கணக்கு

பசும்பால் 100 மில்லியில் சுமார் 90 மி.கி பாஸ்பரஸ் இருக்கிறது. எருமைப் பாலில் இன்னும் கூடுதல். “நான் பாலே குடிப்பதில்லை” என்பவர்களும் காப்பி, டீயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டம்ளர் காப்பியில் முக்கால் பங்கு பால். நாளைக்கு நான்கு டம்ளர் என்றால் 300 மி.கி-க்கு மேல் போய்விடும். டிகாஷனிலும் தேநீர்ச் சாற்றிலும் பாஸ்பரஸ் சொற்பம்.

எனவே நாளைக்கு மொத்தம் எவ்வளவு பால் என்று உணவியல் நிபுணரிடம் கேட்டு, காலையிலேயே அளந்து தனிப் பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். காப்பி, டீ, தயிர், மோர் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். பலருக்கு 150 முதல் 200 மில்லி வரை சொல்லப்படுகிறது. தயிரை நீர் ஊற்றி மோராக்கினால் அதே அளவு தயிர் இருவேளைக்கு வரும். டயாலிசிஸில் இருப்பவர்கள் அந்த நீரையும் தங்கள் திரவக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாலைச் சுண்டக் காய்ச்சியோ, திரித்தோ, பொடியாக்கியோ செய்த எதிலும் பாஸ்பரஸ் செறிந்திருக்கும். பால்கோவா, பேடா, பால் பவுடர், பன்னீர், சீஸ் எல்லாம் அந்த வகை. பண்டிகை நாளில் இனிப்பு வேண்டும் என்றால், பாலில் செய்தவற்றைவிட ரவை கேசரி போன்றது மேல். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது வேலை: வேகவைத்து நீரை வடிப்பது

பாஸ்பரஸின் ஒரு பகுதி நீரில் கரையும். நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் உணவில் உள்ள பாஸ்பரஸ் கணிசமாகக் குறையும். பல உணவுகளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இறங்கும். புரதம் பெரும்பாலும் உணவிலேயே தங்கிவிடும். பொட்டாசியமும் கூடவே குறையும் என்பதால், இந்த ஒரே பழக்கம் இரண்டுக்கும் உதவுகிறது.

கறிக்கும் கோழிக்கும்: சிறு துண்டுகளாக நறுக்குங்கள். துண்டு சிறிதானால் நீரில் இறங்குவது கூடும். நிறைய நீரில் உப்பில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நீரை வடித்துக் கொட்டுங்கள். அதற்குப் பிறகு வெங்காயம், மசாலா சேர்த்துக் குழம்பாகவோ வறுவலாகவோ செய்யுங்கள். பச்சையாக எண்ணெயில் பொரித்தால் பாஸ்பரஸ் வெளியேற வழியில்லை.

பருப்புக்கு: ஊறவைத்த நீரைக் கொட்டுங்கள். புது நீரில் திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதித்ததும் ஒருமுறை வடியுங்கள். மறுபடி புது நீர் ஊற்றிக் குழைய வேகவையுங்கள். பருப்பை நேராகக் குக்கரில் வைத்தால் கரைந்தது எல்லாம் அதே நீரில் நின்றுவிடும்.

காய்க்கு: நறுக்கி, நிறைய நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வடித்த பிறகு தாளியுங்கள்.

சோற்றுக்கு: வடித்த சோறே உங்களுக்கு ஏற்றது. கஞ்சித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இதே காரணத்தால் ஆட்டுக்கால் சூப், எலும்பு சூப், கோழி ரசம் ஆகியவை சிறுநீரக நோயாளிக்குப் பொருந்தாதவை. நீங்கள் கொட்ட வேண்டிய நீரைத்தான் அவை கிண்ணத்தில் தருகின்றன. உடம்பு தேறட்டும் என்று அன்போடு சூப் வைத்துக் கொடுக்கும் உறவினர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

புரதத்தை விடாதீர்கள்

பாஸ்பரஸைக் குறைக்கிறேன் என்று புரதத்தை வெட்டினால் தசை கரையும், நோய்த் தொற்று எளிதில் வரும், உடல் தளரும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் முப்பதாயிரம் பேருக்கு மேலானவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாஸ்பரஸும் புரதமும் சேர்ந்தே குறைந்தவர்களைவிட, புரதம் குறையாமல் பாஸ்பரஸ் மட்டும் குறைந்தவர்கள் நன்றாக இருந்தார்கள்.

டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதம் ஓரளவு குறைக்கப்படும். உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை, நோயின் நிலையைப் பொறுத்து மருத்துவர் சொல்வார். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதச் சத்து கொஞ்சம் வெளியேறுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை. டயாலிசிஸுக்கு முன் கொடுத்த உணவுச் சீட்டைத் தொடங்கிய பிறகும் பின்பற்றிக்கொண்டு மெலிந்துபோகிறவர்கள் உண்டு. தொடங்கிய அன்றே புதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கிராம் புரதத்தோடு எவ்வளவு பாஸ்பரஸ் சேர்ந்து வருகிறது என்று பார்த்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தெளிவாகும். தோராயமான அளவுகள்:

- முட்டை வெள்ளைக்கரு: 1.5 மி.கி
- இறைச்சி, கோழி, மீன்: 8 முதல் 11 மி.கி
- துவரம் பருப்பு: 13 முதல் 14 மி.கி, அதிலும் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படும்
- முழு முட்டை: 15 மி.கி
- முந்திரி: 20 மி.கி-க்கு மேல்
- பால்: 25 முதல் 28 மி.கி

வெள்ளைக்கருவைப் போல இன்னொன்று இல்லை. ஒரு முட்டையின் வெள்ளையில் சுமார் 3.5 கிராம் புரதம் இருக்கிறது. பாஸ்பரஸ் 5 மி.கி மட்டுமே. பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சளில் இருக்கிறது. முட்டை சாப்பிடும் வீட்டில் டயாலிசிஸ் நோயாளிக்கு நாளைக்கு இரண்டு மூன்று வெள்ளைக்கரு கொடுப்பது மலிவான, நல்ல வழி. மஞ்சளை வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும்.

அசைவத்தில் குறைக்க வேண்டியவை ஈரல் முதலான உள்ளுறுப்புகள், முள்ளோடு தின்னும் நெத்திலி, எல்லா வகைக் கருவாடும். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. முள் நீக்கிய புதிய மீன் நல்லது.

சைவ உணவினர் பருப்பை அளந்து சாப்பிடலாம். கேழ்வரகு, கம்பு போன்ற சிறுதானியங்களில் அரிசியைவிடப் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம்; ஆனால் பாஸ்பரஸ் ஃபைட்டேட்டாக இருப்பதால் முழுதும் சேராது. இவற்றை அறவே விட வேண்டியதில்லை. “சத்து” என்று மூன்று வேளையும் சாப்பிடுவதும் வேண்டாம். நிலக்கடலை, முந்திரி, எள், பாதாம் எல்லாம் அரைத்துச் சேர்த்த சத்து மாவைத் தவிர்ப்பது நல்லது. சட்னிக்குப் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் போடாமல் வெங்காயம், புதினா, கொத்தமல்லி வைத்து அரைக்கலாம்.

டயாலிசிஸ் எவ்வளவு எடுக்கும்?

நான்கு மணி நேர ஹீமோடயாலிசிஸ் ஒன்றில் சுமார் 800 மி.கி பாஸ்பரஸ் வெளியேறும். நாளைக்கு 1000 மி.கி சாப்பிட்டு, அதில் 600 மி.கி உடலில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4200 மி.கி. மூன்று முறை டயாலிசிஸ் செய்தால் 2400 மி.கி போகும். நம் ஊரில் பலர் செய்துகொள்வதுபோல் இரண்டு முறை என்றால் 1600 மி.கி. சிறுநீர் இன்னும் போகிறவர்களுக்கு அதன் வழியாகக் கொஞ்சம் வெளியேறும். மீதி உடலில் தங்குகிறது. உணவும் மாத்திரையும் சேர்ந்துதான் இந்த இடைவெளியை மூட வேண்டும்.

பாஸ்பரஸ் பெரும்பாலும் செல்லுக்குள்ளும் எலும்பிலும் இருப்பதால், அது ரத்தத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்கிறது. நேரம் குறைந்தால் எடுக்கும் அளவும் குறையும். “இன்றைக்கு அரை மணி முன்னால் இறக்கிவிடுங்கள்” என்று கேட்காதீர்கள். ஒரு நாள் தவறவிட்டால் மாற்று நாள் கேட்டு வாங்குங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நாள்தோறும் சுமார் 300 மி.கி வெளியேறும், அவர்களும் உணவைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரை சாப்பாட்டோடு சேர வேண்டும்

பாஸ்பரஸுக்காகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் ரத்தத்தில் போய் வேலை செய்வதில்லை. குடலில் உணவோடு கலந்து, அதிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகின்றன. வெறும் வயிற்றில் போட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டாலும் பயன் குறைவு.

கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர், லாந்தனம், இரும்பு சார்ந்தவை எனப் பல வகைகள் உண்டு. செவலமரை முழுதாக விழுங்க வேண்டும். லாந்தனத்தை நன்றாக மென்று விழுங்க வேண்டும். இரும்பு சார்ந்தவற்றால் மலம் கறுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கால்சியம் மாத்திரையை நீங்களே கூட்டிக்கொண்டால் ரத்தக் குழாயில் படியும் ஆபத்து உண்டு. மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடைமுறை விதிகள்:

- தட்டில் முதல் கவளத்தை வைக்கும்போது மாத்திரையும் அருகில் இருக்கட்டும்.
- ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடவும் வேண்டாம்.
- கறி, மீன் சாப்பிடும் வேளைக்கு அதிக மாத்திரை தேவைப்படலாம். வேளைக்கு எத்தனை என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.
- கல்யாண வீட்டுக்கும் வெளியூருக்கும் மாத்திரையைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எடுத்துச் செல்லுங்கள்.
- தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் ஆகியவற்றை இதோடு சேர்த்துப் போடக் கூடாது. இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு மாத்திரை சில பத்து மி.கி பாஸ்பரஸைத்தான் பிடிக்கும். கோலாவும் சீஸும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையால் ஈடுகட்ட முடியாது.

ஒரு நாள் உணவு: ஒரு மாதிரி

55 கிலோ எடையுள்ள, டயாலிசிஸ் செய்துகொள்ளும், அசைவம் சாப்பிடும் ஒருவருக்கான மாதிரி இது. உங்கள் அளவை உணவியல் நிபுணர் மாற்றித் தருவார்.

காலை: இட்லி 3, வெங்காயச் சட்னி, வேகவைத்த வெள்ளைக்கரு 2, அரை டம்ளர் காப்பி.

மதியம்: வடித்த சோறு, வடித்துத் தாளித்த புடலங்காய் அல்லது முட்டைகோஸ் பொரியல், முள் நீக்கிய மீன் 75 கிராம் குழம்பில் போட்டது, தயிர் கால் கிண்ணம்.

மாலை: பொரி ஒரு கைப்பிடி, பால் குறைத்த தேநீர் அரை டம்ளர்.

இரவு: ரவை உப்புமா அல்லது அரிசி மாவுத் தோசை, சுரைக்காய்க் கூட்டு, வெள்ளைக்கரு 2.

இதில் பாஸ்பரஸ் தோராயமாக 800 மி.கி, புரதம் ஏறத்தாழ 60 கிராம். மீனுக்குப் பதில் கொதித்து வடித்த கோழி சேர்க்கலாம். குழம்பும் காப்பியும் தேநீரும் திரவக் கணக்கில் சேரும்.

கவனம் தேவைப்படும் சில இடங்கள்

குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கப்படும் சில மருந்துகளிலும் எனிமாக்களிலும் சோடியம் பாஸ்பேட் இருக்கும். கொலனோஸ்கோபிக்கோ மலச்சிக்கலுக்கோ போகும்போது உங்களுக்குச் சிறுநீரக நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்துகளைக் கடையில் நீங்களே வாங்கிக் குடிக்க வேண்டாம். பற்பம், செந்தூரம், புரோட்டீன் பவுடர், வைட்டமின் டி ஆகியவற்றையும் சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். வைட்டமின் டி குடலில் பாஸ்பரஸ் உறிஞ்சப்படுவதைக் கூட்டும்.

சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் கோலாவோ ஆரஞ்சுச் சாறோ கொடுக்காமல், குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுங்கள்.

குழந்தைகளுக்கு இந்த அத்தியாயத்தின் அளவுகள் பொருந்தாது. வளரும் எலும்புக்குப் பாஸ்பரஸ் தேவை. குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர் தரும் அளவை மட்டும் பின்பற்றுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்குப் பாஸ்பரஸ் குறைந்துபோவதும் உண்டு. அவர்களும் பழைய கட்டுப்பாட்டைத் தாமாகத் தொடரக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. என் பாஸ்பரஸ் இப்போது எவ்வளவு, எவ்வளவில் இருக்க வேண்டும்?
2. என் எடைக்கு நாளைக்கு எத்தனை கிராம் புரதம்?
3. பால் எத்தனை மில்லி?
4. பாஸ்பரஸ் மாத்திரை எனக்குத் தேவையா, எந்த வேளைக்கு எத்தனை?
5. அடுத்த பரிசோதனை எப்போது?

இன்று வீட்டிலிருக்கும் பாக்கெட்டுகளை எடுத்து அந்த ஏழு எண்களைத் தேடுங்கள். கண்டவற்றை ஒதுக்கி வையுங்கள். நாளைய பாலை அளந்து வையுங்கள். பருப்பையும் கறியையும் வடித்துச் சமையுங்கள். மாத்திரையைத் தட்டின் அருகில் வையுங்கள். அடுத்த ரிப்போர்ட் வரை இவற்றை விடாமல் செய்யுங்கள். உங்களுக்குச் சொன்ன அளவு முட்டையையும் மீனையும் பருப்பையும் தைரியமாகச் சாப்பிடுங்கள்.